கட்டும் கொழுப்பும் அவிழும் கொழுப்பும்



வகுப்பில் சோப்புச் செய்து காட்டாத விஞ்ஞான ஆசிரியர் அரியர். நானும் என் பணிக்காலத்தில் ஆண்டுதோறும் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். தேங்காயெண்ணெயில் காரக் கரைசலை ஊற்றிச் சூடாக்கிக் கிளறும்போது, எண்ணெய் மெல்ல மெல்லக் கெட்டியாவதைக் காணக் கடைசி வரிசை மாணவனும் எழுந்து முன்னே வருவான். அந்தப் பாடம் முடிந்ததும் கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைவேன். ஒன்றில் ‘கொழுப்பு’ என்றும் மற்றதில் ‘புரதம்’ என்றும் எழுதுவேன். கொழுப்பு உடலுக்கு எரிபொருள். புரதம் உடலைக் கட்டும் பொருள். இரண்டும் வேறு வேறு என்று சொல்லி நடுவே அழுத்தமாக ஒரு கோடு போடுவேன். ஆசிரியப் பயிற்சியில் எனக்கு அவ்வாறே கற்பித்தார்கள். நானும் அவ்வாறே கற்பித்தேன். நான் போட்ட அந்தக் கோடு பிழையானது என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அந்தக் கோட்டை அழித்தவர்கள் யார், எவ்வாறு அழித்தார்கள் என்பதே இன்று நான் சொல்லப் புகும் வரலாறு.

கதை சோப்பிலிருந்தே தொடங்குகிறது. பிரெஞ்சு நாட்டு ரசாயன அறிஞர் செவ்ரூல் என்பவர் விலங்குக் கொழுப்பிலிருந்து செய்த சோப்பை ஆராய்ந்து, கொழுப்பு என்பது தனிப்பொருள் அன்று, கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்று காட்டினார். அவருடைய பெருநூல் 1823-இல் வெளிவந்தது. (இவர் 102 ஆண்டுகள் வாழ்ந்தார். கொழுப்பு ஆயுளைக் குறைக்கும் என்று அஞ்சுவோருக்கு இச்செய்தி ஆறுதலாகலாம்!) பின்னர் 1840-இல் பிரெமி என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர், எண்ணெய்ப் பனையின் எண்ணெயைச் சோப்பாக்கி அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பனையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே அதற்குப் பால்மிட்டிக் அமிலம் எனப் பெயர் வந்தது. பதினாறு கரி அணுக்கள் சங்கிலிபோல் வரிசையாக நின்று ஆன பொருள் அது. நாம் சோற்றில் விடும் நெய்யிலும் அது மிகுதியாக உண்டு. நம் உடலும் அதைத் தானே செய்துகொள்ளும். அதன் நீண்ட வால் தண்ணீரை வெறுப்பது, எண்ணெயையே நாடுவது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் செய்தியெல்லாம் அதைப் பற்றியே நிற்கிறது.

அடுத்து நூறாண்டுகளைத் தாண்டி அமெரிக்காவுக்குச் செல்வோம். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் பிறந்த ஜோர்டி போல்ச்-பி என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்லீன் மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளையின் கொழுப்பை ஆராய்ந்துவந்தார். மூளையை அரைத்து, குளோரோபாரமும் மெதனாலும் கலந்த திரவத்தில் இட்டால், கொழுப்பு அதில் கரைந்துவிடும். புரதம் கரையாமல் அடியில் தங்கும். அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் மூளையின் வெண்பகுதியை எடுத்துச் செய்தபோது, புரதத்தில் ஒரு வகை கொழுப்போடு கூடக் கரைந்து வந்துவிட்டது. அவரும் மார்ஜரி லீஸ் என்னும் அம்மையாரும் 1951-இல் இதனை வெளியிட்டனர். எண்ணெய்த் திரவத்தில் கரையும் புரதம்! தண்ணீரில் நீந்தும் பறவையைக் கண்டவர்கள், நிலத்தில் நடக்கும் மீனைக் கண்டதுபோல் வியந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து, 1971-இல், ஸ்டாபின் என்பவரும் போல்ச்-பியும் ஆராய்ந்து, அந்தப் புரதத்தில் கொழுப்பு அமிலம் வெறுமனே படிந்திருக்கவில்லை, ரசாயனப் பிணைப்பாலேயே இணைந்திருக்கிறது என்றனர்.

எனினும் பலருக்கு ஐயம் நீங்கவில்லை. கொழுப்பு எங்கும் ஒட்டும் பொருள். எண்ணெய்க் கையால் தொட்ட ஏட்டில் எண்ணெய்க் கறை இருப்பது வியப்பா? அதுபோல், சரியாகக் கழுவாத புரதத்தில் கொழுப்பு இருந்தால் அதைக் கறை என்பதா, உறுப்பு என்பதா? இந்த ஐயத்தைப் போக்கிய சோதனை 1979-இல் செயிண்ட் லூயி நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மைக்கேல் ஷ்மித், மில்டன் ஷ்லெசிங்கர் ஆகியோர் வைரஸ்களை ஆராய்ந்துவந்தனர். ஒன்று, மாட்டின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ். மற்றொன்று, கொசுவால் பரவும் சிண்ட்பிஸ் வைரஸ். எகிப்து நாட்டின் ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கியது. இந்த வைரஸ்கள் புகுந்த உயிரணுக்களுக்கு, கதிரியக்கம் ஏற்றிய பால்மிட்டிக் அமிலத்தை ஆராய்ச்சியாளர் உணவாகக் கொடுத்தனர். பிறகு வைரஸின் புரதத்தைப் பிரித்தெடுத்து, கொழுப்பைக் கரைக்கும் திரவங்களால் கழுவினர். சோப்புப் போன்ற பொருளில் இட்டுக் கொதிக்க வைத்தனர். எவ்வளவு கழுவியும் கதிரியக்கம் புரதத்தை விட்டு அகலவில்லை. கறையாயின் போயிருக்கும், போகாதது உறுப்பே.

அந்த இணைப்பு எங்கே நிகழ்கிறது? புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. அந்த மணிகளுள் சிஸ்டீன் என்பது கந்தகம் உடையது. தலைமயிர் தீய்ந்தால் எழும் நாற்றம் இந்தக் கந்தகத்தினால் வருவதே. பால்மிட்டிக் அமிலம் பெரும்பாலும் சிஸ்டீனின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு புரதத்தோடு சேர்கிறது. இந்தப் பிணைப்பு உறுதியானது, ஆனால் அவிழ்க்கக்கூடியது. ஹைட்ராக்சிலமின் என்ற ரசாயனப் பொருளைச் சேர்த்தால், மற்றப் பிணைப்புகள் கெடாமல் இது மட்டும் எளிதில் பிரிந்துவிடும். இதனாலேயே, கொழுப்பு கந்தகத்தைப் பற்றியிருக்கிறதா என்று அறிய ஹைட்ராக்சிலமினை ஓர் உரைகல்லாக ஆராய்ச்சிக்கூடங்களில் பயன்படுத்தினர். இப்பொருளின் பெயரை மறவாதீர்கள். முடிவில் மீண்டும் வருகிறது.

எல்லாக் கொழுப்பும் இப்படி அவிழ்வதில்லை. ஜாதிக்காயிலிருந்து முதலில் பிரித்தெடுத்த மிரிஸ்டிக் அமிலமும் புரதங்களில் ஒட்டுகிறது என்பது 1982-இல் தெரிந்தது. ஆனால் அது புரதத்தின் தலைமுனையில் நைட்ரஜனைப் பற்றிக்கொள்வது. பொதுவாக, ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தப் புரதம் அழியும்வரை விடாது. ஜாதிக்காய்க் கொழுப்பு போடுவது ஆணி. பனைக் கொழுப்பு போடுவது முடிச்சு.

முடிச்சு என்றால் அவிழ்க்கலாம். ஆனால் உயிருள்ள அணுவில் அதை உண்மையிலேயே அவிழ்க்கிறார்களா? இந்த இடத்தில் ராஸ் என்னும் புரதம் நம் கதையில் நுழைகிறது. ஜெனிபர் ஹார்வி என்ற ஆங்கில நாட்டு ஆராய்ச்சியாளர் எலிகளில் புற்றுக்கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்றை 1964-இல் விவரித்தார். அதிலிருந்து கிடைத்த மரபணுவே ராஸ் எனப்பட்டது. மனிதனின் ஒவ்வோர் அணுவிலும் அதன் உறவான மரபணுக்கள் இருக்கின்றன. அவை தரும் புரதம் அணுவின் வெளிச்சவ்வின் உட்புறத்தில் அமர்ந்து, ‘இனிப் பிளந்து பெருகலாம்’ என்ற கட்டளையை உள்ளே அனுப்பும் காவற்காரன். காவற்காரன் புத்தி பேதலித்து ஓயாது கட்டளை அனுப்பினால் அதுவே புற்று. மனிதனின் மூத்திரப்பைப் புற்றில் ராஸ் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 1982-இல் கண்டபோது உலகமே திடுக்கிட்டது. இந்த ராஸிலும் கொழுப்பு உண்டு என்பது அதே ஆண்டில் தெரிந்தது.

1987-இல் இங்கிலாந்தில் ஆன்டனி மாகியும் அவருடைய கூட்டாளிகளும் ராஸ் குடும்பத்தில் ‘என்-ராஸ்’ என்னும் புரதத்தை எடுத்துக்கொண்டு, கதிரியக்கக் கொழுப்பை ஒட்டவைத்து, அது எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்தனர். சுமார் இருபது நிமிடத்தில் ஒட்டிய கொழுப்பில் பாதி போய்விட்டது. புரதமோ போகவில்லை, நெடுநேரம் அப்படியே இருந்தது. எனவே ஒரே புரதத்தின்மேல் கொழுப்பு ஒட்டுவதும் விலகுவதும் மீண்டும் ஒட்டுவதுமாக இருக்க வேண்டும். என் மனத்தில் நான் போட்ட கோடு முழுதும் அழிந்தது இந்த இருபது நிமிடத்தைப் படித்தபோதுதான். நாம் ஒரு பாட வேளையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் நம் அணுக்களில் இந்த முடிச்சுகள் இருமுறை அவிழ்ந்து கட்டப்படுகின்றன!

இவ்வளவு உழைப்பு எதற்காக? கடற்கரையில் தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். ராஸ் புரதத்தில் பார்னெசில் என்னும் மற்றொரு கொழுப்பு எப்போதும் உண்டு. அது மெலிந்த கயிறு. தோணியைக் கரையருகே தடவச் செய்யும், நிறுத்தி வைக்காது. பால்மிட்டிக் அமிலம் இரண்டாவது கயிறு. இரண்டும் சேர்ந்தால்தான் தோணி கரையில் நிற்கும். ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் இதன் போக்குவரவைக் கண்ணாரக் கண்டு எழுதினர். இரண்டாவது கயிறு அவிழ்ந்ததும் ராஸ் அணுவுக்குள் அலைகிறது; எந்தச் சவ்வையும் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கோல்கி உறுப்பை அடைந்ததும் அங்கே மீண்டும் கொழுப்பு கட்டப்பட்டுச் சிக்கிக்கொள்கிறது. அங்கிருந்து வெளிச்சவ்வுக்கு அனுப்பப்படுகிறது. அவிழ்ப்பு நின்றால் ராஸ் எல்லாச் சவ்வுகளிலும் மெல்லப் பரவிவிடும். இருக்க வேண்டிய இடம், இருக்கத் தகாத இடம் என்ற வேறுபாடே போய்விடும். ஓரிடத்தில் நிலையாக இருப்பதற்கே ஓயாத போக்குவரவு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அவிழ்ப்பவன் யார்? டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் சாண்ட்ரா ஹாப்மன் என்ற அம்மையாரும் காம்ப் என்பவரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். கொழுப்பு ஒட்டிய ராஸ் புரதத்தைச் சோதனைக்குழாயில் வைத்து, மாட்டின் மூளையை அரைத்த சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி கொழுப்பைக் கழற்றுகிறது என்று தேடினர். 1993-இல் தூய நொதி ஒன்று கிடைத்தது. ராஸின் முடிச்சை அவிழ்க்கும் நொதி கிடைத்துவிட்டது என்று அனைவரும் மகிழ்ந்தனர்.

இனி நாம் பின்லாந்து செல்ல வேண்டும். அந்நாட்டில் பிறக்கும் சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஒரு கொடிய நோய் உண்டு. பிர்க்கோ சாந்தவுவோரி, மட்டி ஹல்டியா முதலிய மருத்துவர்கள் 1973-இல் அதைத் தெளிவாக விவரித்தனர். குழந்தை நன்றாகவே பிறக்கிறது, சிரிக்கிறது, உட்காரக் கற்கிறது. முதலாண்டு முடியும் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்போ கற்றது ஒவ்வொன்றாக மறக்கிறது. இரண்டு வயதளவில் பார்வை போகிறது. மூன்று வயதளவில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் காகிதத்தில் மேடும் பள்ளமும் இல்லாத நேர்கோடு மட்டுமே விழுகிறது. அதன் பின்னும் குழந்தை சில ஆண்டுகள் உயிரோடிருக்கிறது. இறந்தபின் ஆராய்ந்தால், அழிந்துபோகாமல் எஞ்சிய மூளையணுக்களில் மெழுகு போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் முழு நலமுடையவர்கள். ஆயினும் இருவரிடமும் பழுதுபட்ட மரபணு ஒவ்வொன்று மறைந்திருக்கிறது. 20,000-க்கு ஒரு நோயாளி என்றால் அந்நாட்டில் எத்தனை பேரில் ஒருவரிடம் இம்மரபணு மறைந்திருக்கும் என்று கல்லூரி மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் எழுபது பேருக்கு ஒருவர் என்று விடை வரும்.

எல்சிங்கி நகரில் லீனா பெல்டோனன் என்ற அம்மையாரின் குழுவினர், இந்த மரபணு முதலாம் குரோமோசோமில் ஒரு பகுதியில் இருப்பதாக வரையறுத்திருந்தனர். டாலஸில் கண்ட நொதியின் மரபணு எங்கே என்று தேடியபோது, அதுவும் அதே பகுதியில் இருந்தது. இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து 1995-இல் முடிவை வெளியிட்டனர். அந்த நொதி 306 அமினோ அமில மணிகள் கொண்டது. பின்லாந்துக் குழந்தைகள் ஏறக்குறைய அனைவரிடமும் அதன் 122-ஆம் மணி மாறியிருந்தது. ஒரு மணி மாறியதால் ஒரு நொதி கெட்டது. ஒரு நொதி கெட்டதால் ஒரு குழந்தையின் மூளை அழிந்தது. கொழுப்பு புரதத்தில் ஒட்டுவது பெரிதா, விலகுவது பெரிதா என்று கேட்டால், அந்தத் தாய்மார்களுக்கு விடை தெரியும்.

ஆனால் கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. 1996-இல் அந்த நொதி அணுவுக்குள் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தனர். ராஸ் இருக்கும் இடத்தில் அது இல்லவே இல்லை! லைசோசோம் எனப்படும் பைக்குள் அடைபட்டிருந்தது. அந்தப் பை, அணுவின் பழைய பொருள்களை அரித்துச் சிதைக்கும் இடம். ராஸும் இந்த நொதியும் உயிருள்ள அணுவில் தம் வேலைநேரத்தில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சோதனைக்குழாயில் மட்டுமே ஆராய்ச்சியாளர் இரண்டையும் கூட்டிவைத்தனர். பழந்துணியைக் கிழித்துப் பஞ்சாக்குமுன் பொத்தான்களைக் கழற்றவேண்டும் அன்றோ? சிதைவதற்காக வரும் புரதங்களிலிருந்து கொழுப்புப் பொத்தானைக் கழற்றுவதே இந்த நொதியின் வேலை. அது கெட்டால் பொத்தானோடு கூடிய துணுக்குகள் குவிந்து அணுவை நிரப்புகின்றன. தேடியது ராஸின் துணையை. கிடைத்தது குழந்தைகளின் நோய்க்குக் காரணம். 1993-ஆம் ஆண்டு முடிவைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வில் ஒரு வினாவுக்கு எழுதிய விடை, கேட்காத வேறொரு வினாவுக்குச் சரியாக இருந்ததுபோல் அது அமைந்தது.

ராஸின் முடிச்சை அவிழ்ப்பவனை மீண்டும் தேட வேண்டியதாயிற்று. அதே டாலஸ் நகரில், நோபல் பரிசு பெற்ற கில்மன் என்பவரும் டங்கன் என்பவரும் 1998-இல் அணுவின் கூழ்ப்பகுதியில் இயங்கும் வேறொரு நொதியைக் கண்டனர். கனடாவில் 2015-இல் என்-ராஸின் முடிச்சை அவிழ்க்கும் இன்னொரு நொதிக் குடும்பம் வெளிப்பட்டது. கட்டுபவனைத் தேடும் வேலை இன்னும் நீண்டது. கட்டுவதற்கு நொதியே தேவையில்லை, தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்றுகூடச் சிலர் வாதித்தனர். இந்த வழக்கைத் தீர்த்தது அப்பமும் மதுவும் செய்ய உதவும் ஈஸ்ட். 2002-இல் அயோவாவிலும் செயிண்ட் லூயியிலும் பணியாற்றிய ஒரு குழுவும், டெட்ராயிட்டில் மற்றொரு குழுவும் ஈஸ்டில் கொழுப்பைக் கட்டும் நொதிகளைத் தனித்தனியே கண்டனர். மனிதனில் இவ்வினத்து நொதிகள் 23 உண்டு.

இந்த இருபத்து மூன்றில் ஒன்பதாவது என்னை மிகவும் வருத்தியது. அதன் மரபணு தாயிடமிருந்து மகனுக்கு வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சில குடும்பங்களில் ஆண் குழந்தைகள் மட்டும் அறிவு வளர்ச்சி குன்றியிருந்ததற்கு இந்த மரபணுவின் பழுதே காரணம் என்று 2007-இல் தெரிந்தது. என்-ராஸ் முதலியவற்றுக்குக் கொழுப்புக் கட்டும் அதே நொதிதான். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எட்டாம் வகுப்புக்கு வந்தும் வாய்ப்பாடு அவனுக்கு நிற்கவில்லை. முன்னேற்ற அறிக்கையில் ‘முயற்சி போதாது’ என்று மூன்று முறை எழுதினேன். அவனுக்கு இந்த நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அதை அறிய எனக்கு வழியுமில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களை எழுதியபோது, முயற்சியைத் தவிர வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புற்றுநோயிலும் இந்த முடிச்சு ஆராய்ச்சிக்கு உரியதாகியிருக்கிறது. என்-ராஸ் கெட்டதால் எலிகளில் உண்டாகும் இரத்தப் புற்று, அந்தப் புரதத்தில் கொழுப்பு ஒட்ட முடியாமற் செய்தால் உண்டாவதில்லை என்று 2010-இல் காட்டினர். ஆனால் அவசரப்பட்டு மகிழக் கூடாது. மனிதப் புற்றுகளில் மிகுதியாகக் கெட்டுப்போவது கே-ராஸ். அதன் முக்கிய வடிவம் இந்தப் பனைக் கொழுப்பை நாடுவதே இல்லை. சவ்வின் மின்னேற்றத்தைப் பற்றிக்கொண்டு அது கரையில் நிற்கிறது. ஒரு குடும்பத்து மக்களுள்ளும் ஒருவன் கயிற்றை நம்புகிறான். மற்றவன் வேறு வழி காண்கிறான்.

பின்லாந்துக் குழந்தைகளின் நோய் உலகின் பிற நாடுகளிலும் அங்கங்கே காணப்படுகிறது. அதை முற்றும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையத்தில் அனில் முகர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும், நொதி அவிழ்க்காத முடிச்சை ஒரு சிறு ரசாயனப் பொருளாலேனும் அவிழ்க்க முடியுமா என்று பார்த்தனர். சிஸ்டியமின் என்ற பொருள் சோதனைக்குழாயில் அதைச் செய்தது. நோயுற்ற சில குழந்தைகளுக்கு அதையும் துணைமருந்து ஒன்றையும் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த முடிவு 2014-இல் வெளிவந்தது. இரத்த வெள்ளணுக்களில் குவிந்திருந்த பொருள் கரைந்தது. மூளை அலைகள் அடங்குவதும் சற்றுத் தாமதப்பட்டது. ஆனால் பார்வை இழப்பும் மூளையின் தேய்வும் நிற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில், இதே ஆராய்ச்சிக்கூடத்தார், இந்நோயுள்ள சுண்டெலிகளின் ஆயுளை ஓரளவு நீட்டித்த மற்றொரு பொருளைப் பற்றி எழுதியிருந்தனர். அது மூளைக்குள்ளும் புகவல்லது, நச்சுத்தன்மை குறைந்தது. அது வேறொன்றுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சோதனைக்குழாயில் கந்தக முடிச்சை அவிழ்த்துக் காட்டிய ஹைட்ராக்சிலமின், உருவத்தைச் சிறிது மாற்றிக்கொண்டு வந்ததே.